அட்டைப்படம் ஆளை அழைக்கிறதா, ஆட்டத்தைச் சொல்கிறதா?

இருபதுமுகம் (ஹட்டன்)

எங்கள் குழு தமிழில் எழுதி முடித்த ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு) சாகசத்தைக் கையேடாக அச்சிடும் வேலை தொடங்கிவிட்டது. கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், காணாமற்போன பழைய செக்ரோல் புத்தகத்தைத் (தொழிலாளர் பெயர்ப்பதிவேட்டை) தேடிப் போகும் கதை அது. நிற அட்டை போடுவதானால் உள்ளே பத்துப் பக்கங்களைக் குறைக்க வேண்டும் என்கிறார் அச்சகக்காரர். அட்டைக்குச் செலவழிப்பது வீண் என்பதே என் கட்சி. இங்கே எனக்குத் தெரிந்து ஆடுகிறவர்களில் எவரும் மூல விதிநூலின் அட்டையைப் பார்த்து உள்ளே வந்தவரல்லர். கைப்பேசியில் பிடிஎஃப் கோப்பாகவோ, கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் கொப்பி எடுத்து ஸ்பைரல் போட்ட கட்டாகவோதான் விதிகள் அவர்களை வந்தடைந்தன. 1983இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் சிவப்புப் பெட்டிக்கு லாரி எல்மோர் வரைந்த புகழ்பெற்ற டிராகன் படம் எங்கள் கட்டின் முதற்பக்கத்தில் வெறும் கறுப்புத் திட்டாக இருக்கிறது. சிறகு எது, குகைச் சுவர் எது என்று பிரித்தறிய முடியாது. அதனால் எங்கள் ஆட்டம் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டின் பெட்டியில் படமே கிடையாது. கறுப்புப் பின்னணி, ஒரு சிவப்புக் கோடு, தாக்குதலுக்கு உள்ளான வணிகக் கப்பலொன்று உதவி கேட்டு அனுப்பும் சில வரிகள், அவ்வளவுதான். அது இன்றும் ஆடப்படுகிறது.

ஊவாக்காரி (பண்டாரவளை)

டிராவலரை உங்கள் பக்கத்துச் சாட்சியாக அழைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சாட்சி என் பக்கமே பேசுகிறது, அண்ணா. கறுப்பு என்பது அங்கே விண்வெளி; உதவி கேட்கும் குரல் என்பது இந்த விளையாட்டில் நீங்கள் யாராக இருப்பீர்கள், உங்களுக்கு என்ன நேரும் என்பதற்கான முன்னறிவிப்பு. சித்திரம் இல்லாவிட்டாலும் அது யோசித்துச் செய்யப்பட்ட அட்டை.

நான் அட்டைப்படத்தை விளம்பரமாகப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேருக்கும் ஒரே காட்சியைக் கொடுத்து, இதைத்தான் நாம் இன்று செய்யப் போகிறோம் என்று விதிகளுக்கு முன்பாகவே சொல்லிவிடுவது அதன் வேலை. இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்று, 1978இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்குக்கு டேவிட் டிராம்பியர் வரைந்த படம். அதிலே சண்டை நடக்கவில்லை, முடிந்துவிட்டது. பெரிய அசுரச் சிலையொன்றின் மேல் இருவர் ஏறி, அதன் கண்ணாகப் பதித்திருந்த மாணிக்கத்தை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே பல்லிமனிதர்களின் பிணங்கள் கிடக்கின்றன. ஒருவர் வாளைத் துடைக்கிறார். யாருமே நம்மைப் பார்த்து வீரம் காட்டவில்லை, எல்லாருக்கும் அவரவர் வேலை இருக்கிறது. அந்தக் காலத்து விதிகளின்படி பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளிகளின் பெரும்பகுதி கொன்றதற்காக அல்லாமல், வெளியே கொண்டுவந்த செல்வத்துக்காகவே கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். விதிநூல் பல பக்கங்களில் விளக்குவதை அந்தப் படம் ஒரே பார்வையில் விளக்கிவிடுகிறது. மாணிக்கத்தை எடுத்தவுடன் சிலை என்ன செய்யும் என்ற கேள்வியும் நமக்குள் எழுந்துவிடுகிறது. அந்தக் கேள்வி எழுந்த கணத்திலேயே நாம் ஆடத் தொடங்கிவிட்டோம்.

பழைய பெட்டி (கண்டி)

தங்கச்சி சொன்ன சான்று நல்ல சான்று. ஆனால் விதிவிலக்கான சான்று. அட்டைகள் பெரும்பாலும் பொய்தான் சொல்கின்றன. எல்மோரின் படத்தையே எடுத்துக்கொள்வோம்: ஒற்றை வீரன் சிவப்பு டிராகனுக்கு எதிரே நிற்கிறான். அந்தப் பெட்டிக்குள் இருந்த விதிகளோ பாத்திர வளர்ச்சியின் முதல் 3 நிலைகளுக்கு மட்டுமானவை. தொடக்க நிலை வீரனுக்கு எட்டு முகப் பகடையை ஒருமுறை உருட்டி வரும் எண்ணும், உடல்வலு இருந்தால் அதற்கான சிறு கூட்டலும்தான் உயிர்ப்புள்ளிகள். அப்படிப்பட்டவன் தனியே அந்த டிராகனின் முன் போய் நின்றால் ஒரே மூச்சில் சாம்பலாவான். அட்டையை நம்பி ஆடிய பிள்ளைகள் எத்தனை பேர் முதல் நாளிலேயே செத்து விழுந்திருப்பார்கள்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. 2010இல், முற்றிலும் வேறான நான்காம் பதிப்பு விதிகளைக் கொண்ட தொடக்கப் பெட்டியொன்றை அதே எல்மோர் படத்தோடு விற்றார்கள். உள்ளே இருக்கும் ஆட்டத்தைத்தான் அட்டை சொல்கிறது என்றால், இரண்டு வெவ்வேறு ஆட்டங்களுக்கு ஒரே படம் எப்படிப் பொருந்தியது? அது விற்றது பழைய ஞாபகத்தை.

இருபதுமுகம் (ஹட்டன்)

பழைய பெட்டி ஐயா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் மன்மதன் கதையான காமன் கூத்து ஆடுகிறோம். அதற்கு எந்த அட்டைப்படம் இருக்கிறது? கதை எல்லாருக்கும் தெரியும், ஆடுபவரையும் தெரியும், ஆனாலும் சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் நன்றாக இருந்தால் ஆள் தானாக வரும்.

மூடுபனி (நுவரெலியா)

காமன் கூத்தாடும் பொட்டலுக்கு ஆள் தானாக வருவதில்லை, தம்பி. தப்பு மேளச் சத்தம் கேட்டுத்தான் வருகிறது. அந்த அடியைக் கேட்டவுடன் இன்று நடக்கப்போவது என்ன என்பது லய வீட்டுக்குள் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். அழைப்பு இல்லாத ஆட்டம் எதுவும் இல்லை.

அதற்காக நான் ஊவாக்காரியின் பக்கம் முழுவதுமாகச் சாயவுமில்லை. அவருடைய வாதம் ஆட்டத்தைத் தெரிந்தவரின் வாதம். டிராம்பியர் படத்தின் அருமை, அந்த விதிகளை ஆடிப் பார்த்தவருக்கே முழுதாக விளங்கும். புதிதாக வருபவரை இழுப்பது படத்தின் பொருளைவிட அது தரும் மனநிலைதான். 1991இல் வந்த, இரத்தக்காட்டேரிகளாக ஆடும் வேம்பயர்: த மாஸ்கரேட் நூலின் அட்டையில் இரத்தக்காட்டேரியே இல்லை, பச்சைப் பளிங்கின் மேல் ஒரு சிவப்பு ரோஜா மட்டும். வாளும் டிராகனும் நிறைந்த அலுமாரியில் அந்த ரோஜா, இது வேறு வகை ஆட்களுக்கான ஆட்டம் என்று சொல்லாமல் சொல்லியிருக்கும்.

செலவுக் கணக்கைப் பற்றிப் பேசுவதாயின், 2020இல் ஆங்கிலத்தில் வந்த சுவீடன் நாட்டு விளையாட்டான மோர்க் போர்க்கைப் பாருங்கள். கண்ணைக் குத்தும் மஞ்சள் அட்டை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் எழுத்தும் சித்திரமும் முட்டிக்கொள்ளும் வடிவமைப்பு. அதன் விதிகளை மட்டும், அலங்காரம் எதுவுமில்லாத இலவசக் கோப்பாக அவர்களே கொடுக்கிறார்கள். விதிகள் சும்மா கிடைக்கும்போதும் மக்கள் காசு கொடுத்து அந்த மஞ்சள் புத்தகத்தை வாங்குகிறார்கள். அண்ணனும் தம்பியும் இதற்கு என்ன சொல்வீர்கள்?

என் கவலை வேறு. வெள்ளைக்காரக் கோட்டையும் பனிமலையும் இரும்புக் கவசமும் உள்ள அட்டைகளையே பார்த்துப் பழகியதால், நம் பிள்ளைகள் தமிழில் ஆடும்போதுகூட முதல் காட்சியை ஒரு மதுக்கூடத்தில் தொடங்குகிறார்கள். தொழிலாளர் கூடும் பெரட்டுக்களமும், கொழுந்தை வாட்டும் வாட்டு மாடியும் கண்ணெதிரே இருக்க, அவர்கள் மனதில் வருவதோ எங்கோ ஓர் ஐரோப்பியக் கிராமம். அட்டைப்படம் கற்பனையைத் திறக்கும் என்கிறீர்கள். அது கற்பனைக்கு வேலியும் போடுகிறது.

ஊவாக்காரி (பண்டாரவளை)

வேலி போடும் அளவுக்கு அதற்குப் பலம் இருக்கிறது என்று நீங்களே சொன்ன பிறகு, அந்த இடத்தை வெறுமையாக விடுவது எப்படிச் சரியாகும்? நாம் வரையாவிட்டால் பிள்ளைகளின் மனதில் எல்மோரின் படமே தொடர்ந்து இருக்கும். பழைய பெட்டி ஐயா சொன்ன பொய்யும் அட்டைப்படத்தின் இயல்பான குற்றமல்ல. ஆடுபவர் என்ன செய்வார் என்பதை விட்டுவிட்டு, ஆடுபவர் என்னவாக ஆசைப்படுவார் என்பதை வரைந்ததால் வந்தது.

நம் கையேட்டுக்கு என் யோசனை இது. பேயையும் வேண்டாம், பங்களா வாசலில் நிற்கும் துரையின் நிழலையும் வேண்டாம். வாட்டு மாடியின் பலகைத் தரையில் செக்ரோல் விரிந்து கிடக்கிறது. லாந்தரைப் பிடித்தபடி ஒருத்தி பெயர்களின் மேல் விரலை ஓட்டுகிறாள். ஒருவன் படிக்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்து நிற்கிறான். மூன்றாவது ஆள் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சட்டைக்குள் ஒளிக்கிறான், மற்ற இருவரும் அதைக் கவனிக்கவில்லை. இதைப் பார்த்தவருக்கு இந்தச் சாகசத்தில் சண்டையைவிடச் சந்தேகமே அதிகம் என்பது விளங்கிவிடும்.

பழைய பெட்டி (கண்டி)

ஒளிக்கும் அந்த மூன்றாமவனை வரைந்தீர்களானால் ஆட்டத்தின் பாதி இரகசியம் அட்டையிலேயே போய்விடும். ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். பிறகு எதைக் காப்பாற்றுவார்? ஆட்களையே எடுத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் காட்டுங்கள். பெயர் வரிசையில் ஓரிடம் அடிக்கப்பட்டிருந்தால் போதும்.

ஊவாக்காரி (பண்டாரவளை)

புத்தகத்தை மட்டும் காட்டினால் அது நாவலின் அட்டை, ஐயா. நாவலில் வாசகருக்கு வேலை இல்லை, இங்கே இருக்கிறது. கூட்டமாகச் சேர்ந்து ஏதோ செய்யும் மனிதர்கள் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாமவன் வேண்டுமானால் நமக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும்.

இருபதுமுகம் (ஹட்டன்)

முதுகைக் காட்டுவதானால் எனக்குச் சம்மதம். நிறத்துக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை: கோட்டோவியமாக, கறுப்பு மையில் வரையுங்கள், பத்துப் பக்கங்களும் மிஞ்சும். அந்தப் பக்கங்களில்தான் தொழிற்சாலையின் வரைபடமும் கணக்கப்பிள்ளையின் கடிதங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட மஞ்சள் நிறத்துக்காகத் தரமாட்டேன். கொமியூனிகேஷன் இயந்திரத்தில் மூன்று தலைமுறைக் கொப்பி எடுத்தாலும் அந்த விரல் எந்தப் பெயரின் மேல் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அப்படி வரையக்கூடியவர் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.