மறு: மறு: பூம்சே – "வடிவம்" வேண்டாம், "நிலைவரிசை" சரிவருமா?

> கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் வரும் பூம்சேவை ஆங்கிலத்தில் ஃபார்ம் என்கிறார்கள். தமிழில் "வடிவம்" என்றே வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம் ஐயா, ஆனால் படிப்பவருக்கு என்ன புரியும்? "டேக்வாண்டோவில் தொடக்க நிலைக்கு எட்டு வடிவங்கள் உண்டு" என்று எழுதினால் அந்தக் கலையிலேயே எட்டு வகை இருப்பதாக அல்லவா நினைத்துக்கொள்வார். பூம்சே என்பது எதிரில் ஆள் இருப்பதாக எண்ணிக்கொண்டு தடுப்பு, குத்து, உதை எல்லாவற்றையும் வகுத்து வைத்த ஒழுங்கில் தனியாளாகச் செய்வது. செய்வதைச் சொல்லாத சொல் எனக்கு உவப்பாக இல்லை.

முதலில் கற்றுத்தருவது தேகுக் இல் ஜாங் என்ற பூம்சே, 18 அசைவுகள். இடப்பக்கம் திரும்பி இடக்கையால் கீழ்த்தடுப்பு, வலக்காலை முன்வைத்து வலக்கையால் நடுவுடம்புக்கு ஒரு குத்து, அப்புறம் அப்படியே மறுபக்கம் திரும்பி இதையே கைமாற்றிச் செய்ய வேண்டும். கேட்க எளிது. ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு இழுபட வேண்டும், குத்து போய்ச் சேரும் கணத்தில்தான் முஷ்டி திரும்ப வேண்டும், மூச்சும் அப்போதுதான் வெளியேற வேண்டும், இதற்கிடையில் முன்கால் விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் ஆசிரியர் கவனித்துக்கொண்டே இருப்பார். கடைசிக் குத்தில் கிஹாப், அந்த அடிவயிற்றுக் குரல்.

> சண்டைதானே முக்கியம், இந்தப் பயிற்சியால் என்ன பலன்?

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கியோருகி, அதாவது இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை மட்டும் என்பதால் வரும் கேள்வி இது. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்கம் அதற்குத்தான். ஆனால் பெயரிலேயே தே (காலால் தாக்குதல்), குவான் (முஷ்டி), டோ (நெறி) என்று மூன்று இருக்கின்றன. 1955-இல் இந்தப் பெயரைத் தேர்ந்தபோதே நெறியையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். பூம்சேவில்தான் அந்த நெறி உடம்பில் ஏறுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கறுப்புப் பட்டைக்காரர்கள் செய்யும் கும்காங் என்ற பூம்சேவில் ஒற்றைக்காலில் கொக்குபோல் நின்று, ஒரு கையை மேலேயும் மறுகையைக் கீழேயும் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் கால் தள்ளாடும், யாரையும் ஏமாற்ற முடியாது. உடல் சமநிலை, இடுப்பின் பிடிமானம், மூச்சை அளந்து விடுவது, வரிசையை மறக்காமல் வைத்திருப்பது எல்லாம் சேர்ந்தே பழகும். அடிபடும் அச்சமும் இல்லாததால் வயதானவர்களும் செய்கிறார்கள். 2006-இல் சியோலில் தொடங்கிய உலக பூம்சே போட்டியில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கே தனிப்பிரிவு இருக்கிறது. முழங்கால் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு உடம்பை மட்டும் திருப்பினால் மூட்டுதான் வாங்கும், முன்பாதத்தில் சுழலச் சொல்லித்தருகிற ஆசிரியரிடம் போங்கள்.

"சேர்ந்தால் தன்னம்பிக்கை வளரும்" என்று நோட்டீஸ்களில் போடுகிறார்களே, அது பட்டை கட்டியதும் தானாக வருவதில்லை. முழு வேகத்தில் உதைத்து, கூடப் பயில்பவரின் முகத்துக்குச் சற்று முன்னால் காலை நிறுத்தப் பழகுகிறார்கள் பாருங்கள், அந்த நிறுத்தத்தில் இருக்கிறது தன்னடக்கம், தன்னம்பிக்கையும் அதிலிருந்துதான் வரும்.

சரி, சொல்லுக்கு வருவோம். "சுவடு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலம்பத்தில் அது காலடி வைக்கும் முறை, கைவேலை அதில் அடங்காது. "மெய்ப்பாடம்" அருமையான சொல், ஆனால் உடம்பைப் பழக்கும் பொதுப்பயிற்சிக்கு அது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. இன்னொரு கலையின் சொல்லை எடுத்துப் பொருளை மாற்றினால் இரண்டு பக்கமும் குழப்பம். "வரிசை" அப்படி இல்லை, குத்துவரிசை என்று நம் அடிமுறைத் தற்காப்புக் கலையிலேயே இருக்கிறது. சங்கீதத்தில் சரளி வரிசை செய்யும் வேலையைத்தான் டோஜாங்கில் (பயிற்சிக்கூடத்தில்) பூம்சே செய்கிறது. ஒவ்வோர் அசைவும் ஒரு நிலையில் நின்று முடிவதால் முன்னால் "நிலை" சேர்த்தேன். தொடரில் போட்டுப் பாருங்கள்: நிலைவரிசைப் போட்டி, நிலைவரிசை நடுவர், "எட்டாம் நிலைவரிசையை முடித்துவிட்டாள்". எங்கும் இடறவில்லை.

> அப்படியானால் கியோருகி, கியோக்பா, சாரியோத் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

முதல் இரண்டையும் மாற்றலாம். கியோருகிக்குப் "பொருதல்", பலகை போன்றவற்றை அடித்து உடைக்கும் கியோக்பாவுக்கு "உடைப்பு". சாரியோத் (நேராக நில்), கியோங்னே (வணங்கு) போன்ற கட்டளைகளை மட்டும் தொடாதீர்கள். எந்த நாட்டு டோஜாங்கில் போய் நின்றாலும் ஆசிரியர் கொரிய மொழியில்தான் ஆணையிடுவார், நம் பிள்ளைகள் அங்கே விழிக்கக் கூடாது. கிஹாப்பும் அப்படியே இருக்கட்டும், "முழக்கம்" என்றால் ஊர்வலம்தான் நினைவுக்கு வருகிறது.

"பொருதல்" பழைய சொல், மாணவர் வாயில் நுழையுமா என்று எனக்கே தயக்கம் உண்டு. பயிற்றுநர்கள் யாராவது குழுவில் இருந்தால் வகுப்பில் ஒரு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை அகராதிப் பட்டியலில் நிலைவரிசையை மட்டும் ஏற்றலாம்.