சிலுவையே நடக்கலன்னு சொல்ற ஃப்ரெண்டுக்கு என்ன பதில் சொல்றது?

கிருஷ்ணகிரி தம்பி:
ரவுண்டானா பக்கம் டீ குடிக்கறப்ப முஸ்லிம் ஃப்ரெண்ட் ஒருத்தன், ஈசா நபியை, அதான் இயேசுவை, சிலுவைல அறையவே இல்ல, குர்ஆன் 4:157 பாருன்னான், கூட இருந்தவன் இயேசுன்னு ஆளே இல்லடான்னுட்டான், என்னண்ணா சொல்றது?

தர்மபுரிக்காரன்:
டாசிடஸ்னு ரோம வரலாற்றாசிரியர் தம்பி, கிறிஸ்தவங்கன்னாலே அவருக்கு ஆகாது, அவரே கி.பி. 116 வாக்குல எழுதறார், ரோமப் பேரரசர் திபேரியு ஆட்சில ஆளுநர் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை குடுத்தான்னு. பைபிள்ல இருக்கற பவுலோட கடிதம் 1 கொரிந்தியர் இன்னும் முந்தி, கி.பி. 55 வாக்குல, 15ஆம் அதிகாரம் படி. குர்ஆன் 7ஆம் நூற்றாண்டு.

ஓசூர் அக்கா:
இதெல்லாம் மரணத்துக்கு சாட்சி, உயிர்த்தெழுதல் விசுவாசம், அத கலந்து பேசாத. பாய்கிட்ட குர்ஆன்ல மரியம் சூரான்னு இருக்கற அத்தியாயத்துல இருந்து ஆரம்பி, இயேசு கன்னிகிட்ட பிறந்தார்னு அவங்களும் நம்பறாங்க. முஹம்மது நபியப் பத்தி தப்பா ஒரு வார்த்தை வேணாம்பா.

கிருஷ்ணகிரி தம்பி:
சரிக்கா, இன்னைக்கே 15ஆம் அதிகாரம் படிக்கறேன்.