சிகரட்டை விட்டேன், வெற்றிலை வட்டாவில் மாட்டினேன்

சிகரட்டை மூன்றே நாளில் விட்டுவிட்டதாக ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார். சந்தோசம். எனக்கு அது நான்கு தடவை நடந்த கதை.

நான் மட்டக்களப்பு, கல்லடி. 19 வயதில் தொடங்கியது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2006-இலேயே சட்டம் வந்துவிட்டது; ஆனால் என்னிடம் எந்தக் கடைக்காரரும் வயது கேட்டதில்லை. ஒற்றை ஒற்றையாகத்தான் வாங்குவேன். காசு ஒரு காரணம். இன்னொன்றை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்: பெட்டியாக வாங்கினால் அந்தப் புற்றுநோய்ப் படத்தைப் பார்க்க வேண்டும். ஒற்றைக்குப் படம் இல்லை.

முதல் தடவை சித்திரை வருசத்தன்று விட்டேன். நாலாம் நாள் சம்பலில் உப்புக் கூட என்று மனைவியிடம் கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இரவில் நித்திரை இல்லை, கை நடுக்கம். ஒன்பதாம் நாள் மறுபடி கடை வாசலில் நின்றேன். இதில் ஒரு விசயம் பிறகுதான் தெரிந்தது. சிகரட் புகை, தேத்தண்ணியில் உள்ள கஃபீனை ஈரல் சீக்கிரம் கழிக்கும்படி செய்கிறதாம். புகையை நிறுத்தினால் அதே தேத்தண்ணி உடம்பில் அதிக நேரம் நிற்கும். நானோ சிகரட் இல்லாத குறைக்கு நாளுக்கு ஏழெட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்! இரண்டாம் தடவை தேத்தண்ணியைப் பாதியாக்கினேன், நித்திரை வந்தது. ஆனால் ஒரு கலியாண வீட்டில் கூட்டாளிமாரோடு கவிழ்ந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் கதை. எங்கள் பெத்தாவுக்கு (பாட்டிக்கு) 82 வயது. வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டா அவர் மடியை விட்டு இறங்காது. நான் விறாந்தையில் முறுக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்தவர், "வாய் சும்மா கிடக்கிறதால தான் மனே அந்த நினைப்பு வருகுது. இதைப் போடு" என்று ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குச் சீவலோடு ஒரு நுள்ளுப் புகையிலையும் வைத்து மடித்துத் தந்தார். முதல் நாள் தலை சுற்றி வேர்த்தது. ஒரு கிழமையில் சுகமாகிவிட்டது. ஏழு மாதம் "நான் விட்டுட்டன்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒரு நாள் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனபோது வெற்றிலைப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். ஹபரணை வருமுன்னே கை நடுங்கத் தொடங்கியது. அதே பழைய நடுக்கம். பஸ்ஸை நிறுத்திய இடத்தில் இறங்கி என்ன வாங்கினேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சிகரட். அதோடு இரண்டும் சேர்ந்துகொண்டது. புகையிலையில் இருந்து நம்மை அடிமையாக்கும் நிக்கொட்டின், வாசலை மாற்றிக்கொண்டு உள்ளேயேதான் இருந்திருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அது கன்னத்தின் வழியாக இன்னும் வேகமாக ஏறுமாம்.

பல்வலிக்குப் போன இடத்தில் டொக்டர் என் இடது கன்னத்தின் உட்பக்கம் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் அடக்கிறீங்க?" என்று கேட்டார். வெள்ளையாக ஒரு திட்டு. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்றார். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான் என்றும் சொன்னார். சதை எடுத்துப் பார்த்து முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. புற்றுநோய் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

நான்காம் தடவை கத்தாரில் இருக்கும் மச்சான் நிக்கொட்டின் கம் (சிகரட்டை நிறுத்த உதவும் சூயிங்கம்) அனுப்பினான். கண் விழித்து அரை மணிக்குள் முதல் சிகரட் பிடிக்கிறவர்களுக்கு 4 மில்லிகிராம். நான் பபிள்கம் மாதிரி மென்று, விக்கலும் தொண்டை எரிவுமாய்த் திண்டாடினேன். மெதுவாகச் சில கடி கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். கால் மணி நேரம் முன்னால் தேத்தண்ணி கூடாது. வெற்றிலை அடக்கிப் பழகிய எனக்கு இது தெரியாமல் போனது வேடிக்கைதான்.

கம் உடம்பைப் பார்த்துக்கொண்டது. தேத்தண்ணிக் கடையை அது பார்க்காது. கடைத் தூணில் சிகரட் பற்ற வைக்கத் தும்புக்கயிறு ஒன்று புகைந்தபடி தொங்கும். அந்த வாசம் பட்டாலே வாய் ஊறும். அப்போது எழும்பிப் பழைய கல்லடிப் பாலத்துக்கு நடந்துவிடுவேன். 1924-இல் கட்டியது, 2013-இல் புதுப்பாலம் வந்தபின் கனரக வாகனத் தொல்லை இல்லை. அந்தப் பக்கம் போய், தூண்டில்காரர் வாளியில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துத் திரும்புவதற்குள் அந்த ஆசை அடங்கியிருக்கும்.

பதினான்கு மாதம் ஆகிறது. பெத்தா இன்றைக்கும் எனக்கு ஒன்று மடித்து நீட்டுவார். அப்புறம் ஞாபகம் வந்து தன் வாயிலேயே போட்டுக்கொள்வார். அவரை ஒருமுறை பல் டொக்டரிடம் காட்ட வேண்டும், "எனக்குப் பல்லே இல்லையே மனே" என்று சிரிக்கிறார். வயதானவர்களை இதற்குச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.