ஸ்லோடைவ் 2023 ஆல்பம்: குரல் எங்கே போனது?

கேள்வி:
இங்கிலாந்து ராக் குழு ஸ்லோடைவிடமிருந்து 2023 செப்டம்பர் 1 அன்று வந்த 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' ஓடிக்கொண்டே இருக்கிறது. எட்டே பாட்டு. 'ஷாண்டி'யில் சிந்தசைசர் சுற்றிச் சுற்றி வந்து, அதன்மேல் கிதார் ஏறும் இடம் அருமை. ஆனால் பாடகர்கள் நீல், ரேச்சல் இருவர் குரலும் கிதாருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 2017 ஆல்பத்தில் 'சுகர் ஃபார் த பில்' கோரஸையாவது கூடவே பாட முடிந்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில் 1:
வரியைத் தேடினால் ஏமாற்றம்தான். 1991இல் முதல் ஆல்பம் போட்டதிலிருந்தே இவர்கள் குரலை இன்னொரு கருவியாகத்தான் வைக்கிறார்கள். இந்த முறை நீல் ஹால்ஸ்டெட் வீட்டில் மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவி) தொடங்கிய பாட்டுகள் பல. கிதார் பிறகு வந்தது. முணுமுணுக்க வேண்டுமென்றால் 'கிஸ்ஸஸ்' இருக்கிறதே!

பதில் 2:
ரேச்சலின் அம்மா, டிரம்மர் சைமன் ஸ்காட்டின் அப்பா, இருவரும் 2020இல் காலமானார்கள். ஆல்பம் அவர்களுக்குத்தான் சமர்ப்பணம். அதைத் தெரிந்துகொண்டு 'பிரேயர் ரிமெம்பர்டு' கேளுங்கள். அதில் யாரும் பாடுவதே கிடையாது, குரல் இல்லை என்று குறை சொல்லவும் தோன்றாது.

பதில் 3:
போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம், ப்ளீஸ். பேஸ், அதாவது அடித்தொனி, மொத்தமும் காணாமல் போகும்.

கேள்வி கேட்டவர்:
ஹெட்போனில்தான் கேட்கிறேன் நண்பரே! 'கிஸ்ஸஸ்' சரி, நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. 'ஆண்டலூசியா பிளேஸ்' கூடப் பரவாயில்லை, அதில் நீல் கொஞ்சம் முன்னால் வந்து பாடுகிறார். கடைசிப் பாட்டு 'தி ஸ்லாப்'தான் இன்னும் எனக்கு ஒரே இரைச்சல். அதற்கு யாராவது வக்காலத்து வாங்குங்களேன்.