சார்தீனியா 2024: கட்சிகளுக்கு அதிக ஓட்டு வாங்கிய அணி தோற்றது எப்படி?

குறிஞ்சிப்பூ:
இத்தாலியின் தீவுப் பிராந்தியமான சார்தீனியாவில் 2024 பிப்ரவரியில் நடந்த பிராந்தியத் தேர்தலின் கணக்கு இடிக்கிறது. வலதுசாரிக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து 48 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. எதிரணியில் நின்ற ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சியின் அலெஸ்ஸாந்திரா தொத்தேவை ஆதரித்த கட்சிகளுக்கு 43கூட இல்லை. ஆனால் பிராந்தியத் தலைவரானவர் தொத்தே, பிராந்திய மன்றப் பெரும்பான்மையும் அவர் அணிக்கு! அப்புறம், தலைவர் ராஜினாமா செய்தால் மன்றமே கலைந்துவிடும் என்கிறார்களே, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாதா?

வடகாற்று:
ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு ஓட்டு இருக்கிறது, அதுதான் விஷயம். தலைவர் வேட்பாளருக்கு ஒன்று, கட்சிப் பட்டியலுக்கு ஒன்று. கட்சிச் சின்னத்தில் மட்டும் கோடு போட்டால் அந்தக் கட்சி ஆதரிக்கும் தலைவருக்கும் ஓட்டு சேரும். தலைவர் பெயரில் மட்டும் போட்டால் கட்சிக்குச் சேராது. சார்தீனியாவில் ஒரு கட்சிக்கும் எதிரணித் தலைவருக்கும் பிரித்தும் போடலாம். மார்க்கே, கலாப்ரியா போன்ற வேறு பிராந்தியங்களில் அப்படிப் போட அனுமதியில்லை.

வலது அணியின் தலைவர் வேட்பாளர் த்ருத்ஸு அப்போது சார்தீனியாவின் தலைநகர் காலியாரியின் மேயர். அவர் கூட்டணிக் கட்சிகளுக்குப் போட்டவர்களில் ஒரு பகுதியினர் அவரை விட்டுவிட்டார்கள். சொந்த நகரத்திலேயே பின்தங்கினார். முடிவு தொத்தே 45.4 சதவீதம், த்ருத்ஸு 45.0. இரண்டாம் சுற்று கிடையாது, ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் போதும். வென்ற தலைவர் 40 சதவீதத்தைத் தாண்டினால் அவர் அணிக்கு 60 இடங்களில் 36 உறுதி. இந்த போனஸ் கட்சிகளின் ஓட்டைப் பார்த்து வருவதல்ல, தலைவரின் ஓட்டைப் பார்த்து வருவது. நீங்கள் இடிக்கிறது என்ற இடம் இதுதான்.

மூன்றாவதாக நின்ற ரெனாதோ சோரு 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் மன்றத்தில் அவர் அணிக்கு ஓர் இடமும் இல்லை. கூட்டணிக்கான குறைந்தபட்ச வரம்பு 10 சதவீதம்.

மேல்நாட்டான்:
ராஜினாமா கேள்விக்கு: பிராந்தியங்களுக்கான பொது விதி இத்தாலிய அரசியலமைப்பின் 126ஆம் பிரிவு. 1999 திருத்தத்தில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையோடு வந்தது. தலைவர் விலகினாலும், இறந்தாலும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றாலும் மன்றமும் கூடவே போகும். தீர்மானத்துக்கு உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும், நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். ஆனால் தன் நாற்காலியையும் சேர்த்து இழக்க எந்த உறுப்பினர் கை தூக்குவார்? பிராந்தியத் தலைவர்களின் உண்மையான பலம் இதுதான் என்பேன். போனஸ் அதற்கு அடுத்துதான்.

இதைத் தலைவரும் ஆயுதமாக்கலாம். 2025இல் கலாப்ரியாவின் தலைவர் ஒக்யூத்தோ, தன்மீது விசாரணை நடக்கும்போதே விலகி, அக்டோபரில் மறுபடி நின்று ஜெயித்தார்.

செம்மண்:
இரண்டு சேர்க்கைகள்.

கட்சிப் பட்டியலில் பிடித்த வேட்பாளரைக் குறிக்கும் விருப்ப ஓட்டில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பட்டியலுக்கு எதிரே வேட்பாளரின் குடும்பப் பெயரை எழுத வேண்டும். இரண்டு பெயர் எழுதினால் ஒன்று ஆண், ஒன்று பெண்ணாக இருக்க வேண்டும். இருவரும் ஒரே பாலினம் என்றால் இரண்டாவது பெயர் செல்லாது, முதலாவது நிற்கும்.

அடுத்தது பிராந்தியத் தலைவரின் பதவிக்கால வரம்பு. 2004ஆம் ஆண்டின் 165ஆம் எண் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு முறை முடித்தவர் உடனே மறுபடி தேர்ந்தெடுக்கப்பட முடியாது. வெனெத்தோ பிராந்தியம் 2012இல் போட்ட சட்டம் கணக்கைப் புதிதாகத் தொடங்கியதால் ட்ஸாயா அங்கே மூன்று முறை தலைவராக இருந்தார். கம்பானியா பிராந்தியம் தன் அப்போதைய தலைவர் தே லூக்காவுக்காக அதே உத்தியைக் கையாண்டது. 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் கம்பானியாவின் சட்டத்தை ரத்து செய்தது.

வடகாற்று:
"இரண்டாம் சுற்று கிடையாது" என்று மேலே எழுதியது சார்தீனியாவுக்கு. தொஸ்கானா பிராந்தியத்தில் யாரும் 40 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று உண்டு, இதுவரை தேவைப்படவில்லை.

மேல்நாட்டான்:
விதிவிலக்கு பற்றிச் சொன்னால், தென் திரோல் என்றும் அழைக்கப்படும் பொல்ஸானோ மாகாணத்தை விடக்கூடாது. அங்கே நேரடித் தேர்தலும் இல்லை, போனஸும் இல்லை. 35 பேர் கொண்ட மன்றம்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். 2023 அக்டோபர் தேர்தலில் தென் திரோல் மக்கள் கட்சிக்குக் கிடைத்தது 13 இடம். அமைச்சரவையில் ஜெர்மன், இத்தாலிய மொழிக் குழுக்களின் விகிதத்தையும் காக்க வேண்டும். ஐந்து கட்சிக் கூட்டணி பேசி முடித்து அரசு அமைய 2024 தொடக்கம் வரை ஆனது.