அம்மாவுக்கு லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்ற தோல் நோய்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது தோழிகளே, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. இரண்டு வருஷமாகப் பிறப்புறுப்பின் வெளிப்பக்கம் அரிப்பு, ராத்திரியில்தான் அதிகம். வெளியே சொல்லவே இல்லை. துணி துவைக்கும்போது உள்ளாடையில் ரத்தத் திட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பூஞ்சைக் களிம்பு மூன்று ட்யூப் தீர்ந்தும் பலனில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, தோல் கசங்கிய மெல்லிய தாள் மாதிரி வெளுத்திருக்கிறது என்றார். ஆறாத புண் ஒன்றிலிருந்து துளி தோலைப் பரிசோதனைக்கு (பயாப்ஸி) எடுத்தார். ரிசல்ட்டில் லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்று வந்தது; புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை. ஆனால் 100 பேரில் 5க்கும் குறைவானவர்களுக்குப் பின்னாளில் வல்வா (பிறப்புறுப்பின் வெளிப்பகுதி) புற்றுநோய் வரலாமாம். அதனால் வருஷம் ஒரு தடவையாவது காட்டணும், புதுக் கட்டியோ புண்ணோ தெரிந்தால் உடனே வரணும் என்றார்.

குளோபெட்டாசால் 0.05% என்ற ஸ்டீராய்டு களிம்பு கொடுத்திருக்கிறார். முதல் மாதம் தினமும், அப்புறம் படிப்படியாகக் குறைக்கணும். அம்மாவோ, "ஸ்டீராய்டா? இருக்கிற தோலும் போயிடும்"னு ட்யூபைத் திறக்கவே இல்லை!

இதைப் போட்டவர்களுக்கு அரிப்பு எத்தனை நாளில் அடங்கியது? மாதா மாதம் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? கைவைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம், அதெல்லாம் ஏற்கெனவே பார்த்தாச்சு.