லேசரா, ஊசியா? தாடை முடியோடு நாங்கள் பட்ட பாடு

அம்மாபேட்டை அக்கா:

"லேசர் பண்ணட்டுமா, எலக்ட்ராலிசிஸ் பண்ணட்டுமா, எதுக்கா நல்லது?" என்று போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தாள். எலக்ட்ராலிசிஸ் என்றால் மயிர்க்காலில் ஊசி இறக்கி, கரண்ட் விட்டு முடியை எடுப்பது, நாங்கள் ஊசி என்பது அதைத்தான். ரெண்டையும் பார்த்தவள் என்பதால் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. பட்டவர்கள் உங்கள் கதையையும் கீழே எழுதுங்கள், அவளுக்கு உதவும்.

எனக்கு 34 வயது. சேலத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. பத்தொன்பது வயதில் தாடையில் நாலு முடி முளைத்தது, கல்யாணத்துக்குள் நாற்பதாகிவிட்டது. பாட்டி கஸ்தூரி மஞ்சளையும் கோரைக்கிழங்கையும் அரைத்துப் பூசிவிட்டாள். முகம் மஞ்சளானது, முடி அப்படியே இருந்தது. அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை பார்லரில் நூல் போட்டே பன்னிரண்டு வருடம் ஓடிப்போச்சு. உள்ளங்கையைத் தாடையில் வைத்துக்கொண்டுதான் யாரிடமும் பேசுவேன். என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் பெண்ணுக்கு ஏதோ பெரிய யோசனை என்று தோன்றும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஆடித் தள்ளுபடி மாதிரி ஒரு பார்லரில் "ஆறு சிட்டிங் பேக்கேஜ், லேசர்" என்று போர்டு வைத்திருந்தார்கள். பணம் கட்டினேன். அது லேசரே இல்லை, ஐபிஎல் என்று பிறகுதான் தெரிந்தது. லேசர் என்றால் ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி. ஐபிஎல் பல அலைநீளம் கலந்த பளிச் வெளிச்சம். நம் மாதிரி மாநிறத்துக்கும் கருப்புக்கும் அதை அளவு தெரிந்து வைக்காவிட்டால் முடியில் இறங்க வேண்டிய சூடு தோலில் இறங்கிவிடும். எனக்கு இறங்கியது. தாடை ஓரத்தில் சோப்புக்கட்டி அச்சு மாதிரி மூன்று பழுப்புக் கட்டங்கள். மறைய நாலு மாதமாச்சு. "மாவு அரைக்கும்போது சுட்டுக்கிட்டேன் அத்தை" என்று மாமியாரிடம் சொன்னேன். கிரைண்டரில் எப்படிச் சுடும் என்று அவரும் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

அந்தத் தழும்பைக் காட்டத்தான் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஸ்கின் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் தாடையைப் பார்க்கவே இல்லை. "மாசாமாசம் சரியா வருதாம்மா?" என்று கேட்டு, ஹார்மோன், தைராய்டு, ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிசிஓடி, அதாவது சினைப்பையோடு சேர்ந்த ஹார்மோன் கோளாறு என்று வந்தது. உள்ளே ஆண் ஹார்மோன் புதுப்புது முடியைக் கிளப்பிக்கொண்டே இருந்தால் வெளியே எதை வைத்து எடுத்தாலும் வயலில் களை பறிக்கிற கதைதான் என்றார். மாத்திரை முடியில் வேலை காட்ட ஆறு மாதம்கூட ஆகும், குழந்தைக்குத் திட்டம் இருந்தால் முன்னாடியே சொல்லிவிட வேண்டும், சில மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது என்றும் சொன்னார். யாருக்காவது சில மாதத்துக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் கட்டையாகிக்கொண்டே போனால் லேசர், ஊசி எதையும் யோசிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்புறம்தான் நிஜ லேசர். ஒளி முடியில் இருக்கும் கருப்பு நிறமியைத் தேடிப் பிடிக்கும், அது சூடாகி மயிர்க்காலைச் சுடும். 1983ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற ரெண்டு டாக்டர்கள் எழுதிவைத்த தத்துவம் இது. தோலிலும் அதே நிறமி இருப்பதுதான் நமக்குச் சிக்கல். கருப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் என்ற வகை மற்றதைவிடப் பத்திரம். அந்த ஒளி தோலின் நிறமியில் அதிகம் மாட்டாமல் ஆழமாகப் போகும். "என்ன மெஷின் சார்?" என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் உட்காராதீர்கள்.

லேசருக்கு முடியின் வேர் உள்ளே இருக்க வேண்டும். அதனால் நாலு வாரம் நூல், வாக்ஸிங், பிடுங்கல் எதுவும் கூடாது, ஷேவ் மட்டும். முதல் தடவை ரேஸரைத் தாடையில் வைத்தபோது பாத்ரூம் கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். ஷேவ் பண்ணினால் முடி தடித்து வளரும் என்பது பொய். நுனி மழுங்கி வருவதால் கைக்கு முரட்டாகத் தெரியும், அவ்வளவுதான். சிட்டிங் அன்று கண்ணை மூடிவிட்டு, ஜெல் தடவி, சட் சட்டென்று சுடுவார்கள். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி இருக்கும். அந்த வாசனை இருக்கிறதே, கறிக்கடையில் ஆட்டுத்தலை வாட்டுவார்களே, அதேதான். கோட்டை மாரியம்மன் பண்டிகை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், டாக்டர் அசையாதேம்மா என்று அதட்டினார்.

மாதத்துக்கு ஒன்றாக எட்டு சிட்டிங். ஒரே நாளில் எல்லா முடியும் வளரும் பருவத்தில் இருக்காது, அதனால்தான் இத்தனை தடவை. எனக்கு ஒரு சிட்டிங் 2,500 ரூபாய் ஆச்சு. நாற்பது முடி பத்தானது. அந்தப் பத்தும் போகவே இல்லை. உற்றுப் பார்த்தால் ஆறு வெள்ளை, நாலு செம்பட்டை. கருப்பே இல்லாத முடியில் லேசருக்கு வேலை கிடையாது.

அந்தப் பத்துக்குத்தான் ஊசி. நான் விசாரித்த நாலு இடத்தில் ஒரே இடத்தில்தான் எலக்ட்ராலிசிஸ் வைத்திருந்தார்கள். முடி வெளியே வரும் துளை வழியாகவே, முடியை ஒட்டி மெல்லிய கம்பியை இறக்கி, சில நொடி கரண்ட் விட்டு, அப்புறம் ட்வீசரால் எடுப்பார்கள். சரியாக விழுந்திருந்தால் பிடுங்கும் இழுப்பே இருக்காது, வெண்ணெயில் கிடந்த முடியை எடுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அந்த அம்மா ஒன்றை டிஷ்யூவில் வைத்துக் காட்டினார். வேர் நுனியில் ஜவ்வரிசியின் பத்தில் ஒரு பங்கு அளவில் வெள்ளையாக ஓர் உறை. பன்னிரண்டு வருடப் பகையாளியை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

இதில் கால்வனிக் என்ற முறையில், மயிர்க்காலில் இருக்கும் உப்பும் தண்ணீரும் கரண்ட் பட்டு அங்கேயே காஸ்டிக் சோடாவாக மாறி வேரை அரிக்கிறது. எங்கப்பா சாயப்பட்டறையில் இருந்தவர். காஸ்டிக் சோடா பட்ட கை என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவள் நான், சொன்னதும் நம்பிவிட்டேன். இன்னொன்று வெறும் சூட்டில் சுடுவது, மூன்றாவது ரெண்டும் கலந்தது. எனக்குக் கலப்பு முறை.

கொண்டலாம்பட்டி பெரியம்மா, 52 வயது:

என்னுடையது சின்னக் கதை. மாதவிடாய் நின்ற பிறகு தாவாங்கட்டையில் வெள்ளிக் கம்பி மாதிரி ஏழெட்டு முளைத்தது. பேத்தி மடியில் உட்கார்ந்து அதையே பிடித்து இழுப்பாள். லேசருக்குக் காசு எடுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டர் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எல்லாம் வெள்ளைம்மா, உங்க காசு வீணாப்போகும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நேராக ஊசிதான். ஒவ்வொன்றையும் ரெண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் குருணை மாதிரி பொருக்கு தட்டும். பிய்க்காதீர்கள், நான் பிய்த்து ஒரு புள்ளி விழுந்துவிட்டது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் ஊசி ஆகாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள்.

எங்க அம்மாவுக்குத் தாடையில் பச்சை குத்திய பொட்டு உண்டு. அந்தக் காலத்துப் பெண்கள் நிறைய பேருக்கு இருக்கும். அதன் மேல் லேசர் பட்டால் பச்சைமையும் ஒளியை இழுத்துச் சுட்டுவிடும், மச்சமும் அப்படித்தான். யாரும் மறந்துவிடாதீர்கள்.

சூரமங்கலம்:

நான் தலைகீழ். தாடை முடி லேசரில் நன்றாகக் குறைந்தது. ஆசை யாரை விட்டது, "கன்னத்துப் பூனை முடியையும் சேர்த்து எடுத்துடுங்க" என்றேன். எடுத்தார்கள். நாலாவது சிட்டிங்குக்குள் கன்னத்திலும் தாடைக்குக் கீழே கழுத்திலும் பூனை முடி எல்லாம் கருத்து நீண்டுவிட்டது. முதலில் என் பிரமை என்று நினைத்தேன். பழைய செல்ஃபியைப் பார்த்தால் பிரமை இல்லை. இதற்குப் பெயரே இருக்கிறது, பாரடாக்ஸிகல் ஹைபர்ட்ரைகோசிஸ். அரைகுறைச் சூடு மயிர்க்காலைக் கொல்லாமல் தட்டி எழுப்பிவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். முகம், கழுத்து, நம்மூர் நிறம், ஹார்மோன் கோளாறு எல்லாம் சேர்ந்தால் வாய்ப்பு அதிகமாம். முன்னாடியே ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம், கையெழுத்து வாங்கிய தாளில் பொடி எழுத்தில் இருந்ததோ என்னவோ. இப்போது அந்தக் கன்னத்துக்கு வாரம் அரைமணி ஊசி. பூனை முடிக்கு லேசர் கேட்காதீர்கள், ப்ளீஸ்.

குகை:

நான் திருநங்கை. உங்களுக்கெல்லாம் தாடையில் பத்து, எனக்கு முழுத் தாடி. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் தாடி உதிர்ந்துவிடும் என்று இன்னும் சில பேர் நம்புகிறார்கள். வளரும் வேகம் கொஞ்சம் குறையலாம், வந்த தாடி தானாகப் போகாது.

முதலில் லேசர் பத்து சிட்டிங். காலையில் ஷேவ் பண்ணினாலும் மத்தியானம் பவுடரைத் தாண்டித் தெரியும் அந்தப் பச்சை நிழல் போனது. அது போன அன்றைக்கு ரெண்டாவது அக்ரஹாரத்தில் கண்ணாடி வைத்த கடை ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தேன். வயது 38, நரை கலந்துவிட்டதால் மீதிக்கு ஊசி. வாரம் ஒரு மணி நேரம், ஒன்றரை வருடமாகப் போகிறது. லேசர் ஒரு தடவை சுட்டால் பத்து முடியைச் சேர்த்துப் பிடிக்கும், ஊசி ஒவ்வொன்றாகத்தான். எனவே நிறைய இருந்தால் லேசரில் கூட்டத்தைக் குறைத்துவிட்டு ஊசிக்குப் போங்கள், நேரமும் பணமும் மிச்சம். ஊசிக்கு முடி கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும் என்பதால் ரெண்டு மூன்று நாள் ஷேவ் பண்ணாமல் போக வேண்டும். எனக்கு வலியைவிட அந்த மூன்று நாள்தான் கொடுமை. மாஸ்க் போட்டு பஸ் ஏறுவேன்.

ஓரிடத்தில் ரிசப்ஷனில் திரும்பத் திரும்ப "சார்" என்றே கூப்பிட்டார்கள், முன்பணத்தை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது போகிற இடத்தில் முதல் நாளே "உக்காருங்கக்கா, டீ சாப்பிட்டீங்களா?" என்றார்கள். ஒன்றரை வருடம் அங்கேயே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏற்காடு டீச்சர்:

நான் ரெண்டும் பண்ணவில்லை, ஷேவ் மட்டும். கீழே சேலத்துக்கு இறங்க வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு. ஊசி போட்டுக்கொள்ள ஊசி வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு வரணுமா என்று விட்டுவிட்டேன். ஒரு சிட்டிங் லேசர் பார்த்தேன் என்பது உண்மை. மறுநாள் பள்ளி விளையாட்டு விழா. குளிர்தானே, மேகம்தானே என்று சன்ஸ்கிரீன் இல்லாமல் மைதானத்தில் நின்றேன். மலையில் வெயில் உறைக்காதே தவிர, புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட அதிகம்தான். மேலுதடு கருத்து மீசை வைத்த மாதிரி ஆகிவிட்டது. முடி போய் நிழல் வந்தது. வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு நிமிஷம், ரேஸர். எனக்கு இது போதும், மேலே யாரும் கோபிக்க வேண்டாம்.

அம்மாபேட்டை அக்கா:

டீச்சர், கோபம் எதுக்கு, ரேஸரை விட்டுவிட்டா பேசுகிறோம்.

மூன்று பேர் "எந்த இடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் இங்கே போட மாட்டேன், தனியாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: லேசருக்கு "முழுசா நிரந்தரமா போயிடும்" என்று எழுதிக் கொடுப்பவரை நம்பாதீர்கள். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏகூட லேசரை நிரந்தரக் "குறைப்பு" என்றுதான் சொல்ல விடுகிறது, நிரந்தர நீக்கம் என்ற பேச்சு எலக்ட்ராலிசிஸுக்குத்தான். அது ஒன்றும் புதுசும் இல்லை. கண்ணுக்குள் குத்தும் இமை முடியை எடுக்க 1875ல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் எழுதிய வைத்தியம். அந்த ஊசிக்கும் கை சுத்தம் முக்கியம், கம்பியைப் புதுசாக உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் ரெண்டுக்கும் முன்னால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்ட தங்கைக்கு: உனக்குக் கருப்பாக, தடியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரத்தம் டெஸ்ட் பண்ணிவிட்டு லேசரில் ஆரம்பி, நூல் போடுவதை இன்றைக்கே நிறுத்து. கன்னத்துப் பக்கம் மெஷின் வந்தால் வேண்டாம் என்று சொல்.

கேள்வி கேட்ட தங்கை:

சரிக்கா. வலிக்குமா?

அம்மாபேட்டை அக்கா:

தாடை பரவாயில்லை. மூக்குக்குக் கீழே நடுவில் வைக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும், கூடவே தும்மலும். சுடுவதற்கு முன்னாடியே தும்மிவிடு. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணு, முதல் நாள் நான் கூட வருகிறேன்.